ஆறு வாரக் குழந்தைக்கு இத்தனை ஊசி எதற்கு? தள்ளிப் போட்டால் என்ன?

ஜனவரி 9 – ஒரு வாசகரின் கேள்வி

முதல் குழந்தை. ஆறாவது வாரம் நெருங்குகிறது. அட்டையைப் பார்த்தால் ஒரே நாளில் இரண்டு தொடையிலும் ஊசி, வாயில் இரண்டு வகைச் சொட்டு மருந்து. இந்தக் கையளவு உடம்பு அத்தனையையும் தாங்குமா? ஆறு மாதம் ஆகட்டும், உடம்பு தேறட்டும், பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். தாய்ப்பால்தான் கொடுக்கிறேன், வெளியே எங்கும் தூக்கிப் போவதில்லை. இன்னொன்று: காசநோய்க்காகப் பிறந்தவுடன் போட்ட பிசிஜி ஊசியின் இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை. அது வீணா?

ஜனவரி 9, இரவு

தள்ளிப் போடாதீர்கள். உங்கள் குழந்தையின் உடம்பு தேறும் வரை காத்திருக்க உங்களுக்குப் பொறுமை இருக்கிறது, கக்குவான் இருமலுக்கு இல்லை.

ஆறாவது வார ஊசி தடுக்கும் நோய்களில் கக்குவானையே எடுத்துக்கொள்வோம். பெரிய குழந்தைக்கு வந்தால் விடாமல் இருமி, கடைசியில் கூவுவது போல மூச்சை இழுக்கும், வீடே விழித்துக்கொள்ளும். இரண்டு மூன்று மாதக் குழந்தைக்கு வந்தால் அந்தக் கூவல் கேட்காமலே போகலாம். சில நேரம் இருமல்கூடப் பெரிதாக இருக்காது. மூச்சு நின்று, முகம் நீலம் பாய்ந்து, பிறகுதான் தெரியும். இந்த நோயில் இறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் சில மாதங்களில் இருப்பவர்கள்தான். நீங்கள் காத்திருக்கலாம் என்று சொல்லும் ஆறு மாதம் அதே மாதங்கள்.

வெளியே தூக்கிப் போவதில்லை, சரி. உள்ளே யார் வருகிறார்கள்? இந்தக் கிருமியைக் குழந்தைக்குக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்களே. வாரக்கணக்கில் இருமிக்கொண்டு 'வறட்டு இருமல்தான்' என்று சொல்லும் பெரியவர், பள்ளிக்குப் போய் வரும் அண்ணன், சில சமயம் தாயே. அதனால்தான் பல நாடுகளில் கர்ப்பத்தின் பிற்பகுதியிலேயே தாய்க்கு இந்தத் தடுப்பூசியைப் போட்டு, அவள் உடம்பில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிள்ளைக்கு இரவலாகக் கொடுக்கிறார்கள். இரவல் நாளாக ஆகக் கரையும். அது முழுக்கக் கரைவதற்குள் சொந்தமாக உண்டாக்கிவிட வேண்டும் என்பதற்குத்தான் ஆறாவது வாரம்.

ஹிப் என்கிற கிருமியின் கதையும் இதேதான். மூளைக்காய்ச்சல், நிமோனியா இரண்டையும் கொண்டு வரும். அதிகம் தாக்குவது நான்கு மாதம் முதல் ஒன்றரை வயது வரையுள்ள குழந்தைகளை. ஆறு மாதத்தில் தொடங்கினால் மூன்று தவணை முடிவதற்குள் ஆபத்தான காலத்தில் ஒரு பகுதி போய்விடும்.

ஜனவரி 10

'தாங்குமா' என்பதற்குத் தனியாக எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி வந்தாலே ஒருவர் பத்தாயிரம் என்ற எண்ணைக் கொண்டுவந்து வைப்பார். 2002-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பால் ஆஃபிட்டும் உடன் எழுதியவர்களும் போட்ட கணக்கு அது: ஒரு குழந்தையின் எதிர்ப்பு மண்டலம் கொள்கை அளவில் ஒரே நேரத்தில் சுமார் பத்தாயிரம் தடுப்பூசிகளுக்கு ஈடுகொடுக்கும் என்று. எனக்கு அந்த எண் அவ்வளவாகப் பிடிக்காது. அது காகிதக் கணக்கு. பயந்து நிற்கும் தாயிடம் சொன்னால் கேலி செய்வதாகத்தான் நினைப்பாள். எனக்கு நம்பிக்கை தந்தது வேறு. புதிதாக ஒரு தடுப்பூசியை அட்டவணையில் சேர்க்கும் முன், ஏற்கெனவே உள்ளவற்றோடு ஒரே நாளில் போட்டுப் பார்த்து, ஒன்று மற்றொன்றைக் கெடுக்கிறதா, காய்ச்சல் கூடுகிறதா என்று சோதிக்கிறார்கள். ஒரே நாளில் போடுவது அவசரத்தில் செய்த ஏற்பாடில்லை. தவிர, பிறந்த நிமிடத்திலிருந்து தோலிலும் குடலிலும் கோடிக்கணக்கான கிருமிகள் குடியேறிக்கொண்டிருக்கின்றன. ஊசியில் வரும் அரை மில்லி அந்தக் கூட்டத்தில் ஒரு மூலை.

பிரித்துப் போடுவது எப்படி முடியும் என்பதையும் பார்த்திருக்கிறேன். என் நாத்தனார் தன் மகனுக்கு ஒரு மாதம் ஒரு ஊசி என்று அழகாகப் பட்டியல் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினாள். ஒரு மாதம் சளி, அடுத்த மாதம் கல்யாணம், அதற்கடுத்து வீடு மாற்றம். பட்டியல் பழைய வீட்டுக் கதவிலேயே தங்கிவிட்டது, நியூமோகாக்கல் ஊசியும்தான். பையன் நன்றாகத்தான் இருக்கிறான். அது அதிர்ஷ்டம்; பட்டியலின் பெருமை இல்லை.

ஜனவரி 10, சற்றுக் கழித்து

பிசிஜி தழும்பை மறந்துவிட்டேன்.

இடது மேற்கையில், தோலுக்கு அடியில் இல்லாமல் தோலுக்குள்ளேயே போடும் ஊசி அது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 0.05 மில்லிதான். சரியாக இறங்கினால் அந்த இடம் வெளுத்து, மயிர்க்கால் குழிகள் தெரிய, ஆரஞ்சுப் பழத் தோல் போல ஒரு சிறு மேடு எழும்பும். அரை மணி நேரத்தில் மறையும். பிறகு ஒன்றும் இல்லாதது போல இருக்கும். இரண்டு வாரம் முதல் ஆறு வாரத்துக்குள் சிவந்த முடிச்சு ஒன்று வரும், உடைந்து சீழ் கசியும், பொருக்குத் தட்டும், உதிர்ந்து தழும்பாகும். இதற்குச் சில மாதங்கள்கூட ஆகலாம். ஆகவே ஆறாவது வாரத்தில் தழும்பைத் தேடாதீர்கள். புண் வந்தால் களிம்பு வேண்டாம், மஞ்சள் வேண்டாம், பிதுக்க வேண்டாம். அக்குளில் பெரிதாக நெறி கட்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசி வரை தழும்பே வராத குழந்தைகளும் உண்டு. அதற்காகத் திரும்பப் போட வேண்டியதில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பூங்காவில் இரண்டு தாய்மார்கள் குழந்தைகளின் சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பை ஒப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். மதிப்பெண் பட்டியலுக்குப் பழகும் வயது குறைந்துகொண்டே வருகிறது.

பிசிஜி காசநோயை முழுக்கத் தடுத்துவிடாது. சிறு குழந்தைகளுக்கு வரும் கொடிய வடிவங்களை, முக்கியமாகக் காசநோய் மூளைக்காய்ச்சலைத் தடுப்பதில்தான் அதன் பெரும் பயன். கால்மெட், கெரான் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் 1908 முதல் 13 ஆண்டுகள் மாட்டுக் காசநோய்க் கிருமியை 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து அதன் வீரியத்தைக் குறைத்தார்கள். 1921-ல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். காசநோய் அரிதாகிவிட்ட நாடுகளில் இதை எல்லாக் குழந்தைகளுக்கும் போடுவதில்லை. அங்கே பிறந்த குழந்தையின் அட்டையில் பிசிஜி இல்லையென்றால் யாரும் மறந்துவிட்டதாக அர்த்தமில்லை.

பிறந்தவுடன் போட வேண்டிய இன்னொன்று, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமிக்கான ஊசி, 24 மணி நேரத்துக்குள். பெரியவருக்கு இந்தக் கிருமி தொற்றினால் பெரும்பாலும் உடம்பு தானே விரட்டிவிடும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஆயுளுக்கும் தங்கிவிடும். அதற்காகத்தான் அந்த அவசரம்.

ஜனவரி 12

வேறு நாட்டில் இருக்கும் அக்காவின் குழந்தைக்கு அட்டவணையே வேறாக இருக்கிறதே, யார் சொல்வது சரி என்று ஒருவர்.

இரண்டுமே சரி. 6, 10, 14 வாரம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழியில் பல நாடுகள் பின்பற்றுவது. அமெரிக்காவில் 2, 4, 6 மாதம். சில ஐரோப்பிய நாடுகளில் 3, 5 மாதம், பிறகு ஒரு வயதை ஒட்டி ஒன்று. பிரிட்டனில் 3, 5, 10 மாதம் என்று இருந்ததை 1990-ல் 2, 3, 4 மாதம் என்று முன்னுக்குக் கொண்டுவந்தார்கள்.

இரண்டு விஷயங்கள் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கின்றன. சீக்கிரம் தொடங்கினால் பாதுகாப்பும் சீக்கிரம் வரும். ஆனால் தாயின் எதிர்ப்பொருள் இன்னும் உள்ளே இருப்பதால் ஊசியின் வேகம் சற்று மட்டுப்படும், இடைவெளி குறைவாக இருந்தாலும் அப்படியே. தாமதமாக, இடைவெளி விட்டுப் போட்டால் எதிர்ப்பு நன்றாக எழும். அதுவரை குழந்தை வெறும் கையோடு நிற்கும். எந்த நோய் எவ்வளவு சுற்றிக்கொண்டிருக்கிறது, ஜனங்கள் எந்த வயதில் குழந்தையை மறுபடி கொண்டுவருவார்கள் என்றெல்லாம் பார்த்து ஒவ்வொரு நாடும் ஒரு புள்ளியில் நிற்கிறது. கேட்டவரின் அட்டையில் ஆறு வாரம் என்றிருந்ததால் மேலே அதையே பேசினேன். உங்களுடையதில் இரண்டு மாதம் என்றால் இரண்டு மாதம்தான். எல்லோருக்கும் பொதுவானது: தவணைகளுக்கு நடுவே குறைந்தது நான்கு வாரம். இரண்டு நாட்டு அட்டைகளையும் கலந்து சொந்தமாக மூன்றாவது ஒன்று தயாரிக்காதீர்கள்.

ஜனவரி 13

ஆறு வாரம் என்றால் 42 நாள். 43-வது நாள் போனால் யாரும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கப் போவதில்லை.

ஜனவரி 14

நாளை போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் சுருக்கமாக.

குழந்தையைப் படுக்க வைத்துப் பிடிக்காமல் மடியில் அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊசிக்குச் சற்று முன்பிருந்தே பால் கொடுக்கத் தொடங்கலாம், ஊசி போடும்போதும் கொடுக்கலாம். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாச் சொட்டு இனிப்பாக இருக்கும், அதை முதலில் கொடுத்துவிட்டால் அடுத்து வரும் ஊசியின் வலியும் கொஞ்சம் மழுங்கும். அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடச் சொல்லுங்கள். இவையெல்லாம் 2015-ல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரைகளிலும் இருக்கின்றன, பாட்டி வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். ஊசி தொடையின் முன்பக்க வெளி ஓரத்தில் போட வேண்டும். புட்டத்தில் கூடாது, அங்கே கொழுப்பு அதிகம், பெரிய நரம்பு ஒன்றும் ஓடுகிறது. போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம். என் மாமியாருக்கு இதைப் புரியவைத்ததுதான் அந்த ஆண்டின் சாதனை.

போலியோச் சொட்டு மருந்தின் குப்பியில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து நல்லது. வெப்பம் பட்டுக்கொண்டே போனால் சதுரம் கறுக்கும். இரண்டும் ஒரே நிறமானால் தூக்கி எறிந்துவிட வேண்டும். 1996 முதல் போலியோக் குப்பியில் இருக்கிறது, பிறகு மற்ற மருந்துகளுக்கும் வந்தது. நான் கேட்டபோது அந்தச் செவிலியர் கோபித்துக்கொள்ளாமல் குப்பியை என் கண்ணருகே பிடித்துக் காட்டினார். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் கேட்காமலே காட்டுவார்; எனக்குத்தான் கூச்சமாகிவிட்டது.

முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில்தான் வரும், ஆனால் வந்தால் சில நிமிடங்களில் வரும், மருந்தும் அங்கேதான் இருக்கிறது.

ஜனவரி 16

காய்ச்சல். எதிர்பார்த்ததுதான். அன்றிரவோ மறுநாளோ வரும், இரண்டு நாளில் போகும். தொடை கொஞ்சம் வீங்கும், குழந்தை சிணுங்கும்.

காய்ச்சல் வருவதற்கு முன்பே பாராசிட்டமால் கொடுத்துவிடலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். 2009-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த செக் நாட்டு ஆய்வில் 459 குழந்தைகள். முன்கூட்டியே பாராசிட்டமால் பெற்றவர்களுக்குக் காய்ச்சல் குறைந்தது. சில தடுப்பூசிகளுக்கான எதிர்ப்பொருளும் குறைந்தது. வந்த பிறகு, குழந்தை அவதிப்பட்டால், எடைக்குத் தக்க அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுக்கலாம். இதற்கு ஒரு விதிவிலக்கு: பிரிட்டனில் ஒரு வகை மூளைக்காய்ச்சலைத் தடுக்கும் மெனிஞ்சோகாக்கல் பி ஊசியோடு பாராசிட்டமால் கொடுக்கும்படி அங்குள்ள சுகாதாரத் துறையே சொல்கிறது, ஏனென்றால் அதற்குக் காய்ச்சல் அடிக்கடி வரும்.

உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவை: வலிப்பு, துவண்டு வெளிறிப் போய் கூப்பிட்டால் அசையாமல் இருப்பது, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓயாத அழுகை, மூச்சுத் திணறல். இரண்டு நாளைத் தாண்டியும் காய்ச்சல் இருந்தால் ஊசியின் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். இந்த வயதில் காய்ச்சலுக்கு வேறு காரணங்கள் இருக்கலாம்.

'வலியில்லாத ஊசி' என்று ஒன்றை விலை கூடுதலாக வைத்துக் கொடுக்கிறார்களே என்பது அடுத்த கேள்வி. குத்தும்போது இரண்டும் ஒரே வலிதான். கக்குவான் கிருமியை முழுதாகக் கொன்று செய்வது ஒரு வகை, அதிலிருந்து சில புரதங்களை மட்டும் பிரித்தெடுத்துச் செய்வது மற்ற வகை. பின்னதில் காய்ச்சலும் வீக்கமும் குறைவு, ஆனால் அது தரும் பாதுகாப்பு சீக்கிரம் தேய்கிறது. முதல் வகையைப் பயன்படுத்தும் நாடுகள் அதையே தொடர வேண்டும் என்று 2015-ல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. என் பெரியவனுக்கு இரண்டாவது வகை, சின்னவளுக்கு முதல் வகை. சின்னவள் ஓர் இரவு முழுக்க எங்களைத் தூங்கவிடவில்லை. மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தூங்காமலே இருந்துகொள்வேன்.

பிப்ரவரி 2

குறைமாதக் குழந்தை பற்றித் தனியே கேட்டிருக்கிறார்கள். இது எனக்கு நெருக்கமான விஷயம்.

என் மகள் 32 வாரத்தில் பிறந்தாள். இரண்டு மாதம் ஆகும்போதும் பார்ப்பதற்குப் பிறந்த குழந்தை போலத்தான் இருந்தாள். 'நாள் கணக்கைப் பிரசவத் தேதியிலிருந்து வைத்துக்கொள்ளுங்கள், இப்போது வேண்டாம்' என்று ஒரு மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். கேட்க இதமாக இருந்தது, நானும் அதைத்தான் விரும்பினேன். வேறொரு மருத்துவர்தான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: தடுப்பூசிக்குப் பிறந்த நாளிலிருந்துதான் கணக்கு, எத்தனை வாரம் முன்னால் பிறந்திருந்தாலும்.

காரணம் நான் ஜனவரி 9-ல் எழுதிய இரவல்தான். தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில். முன்னால் பிறந்த குழந்தை அதை முழுதாக வாங்கிக்கொள்ளாமலே வந்துவிட்டது. உருவத்தைப் பார்த்துத் தள்ளிப் போடத் தோன்றும் குழந்தைக்குத்தான் தள்ளிப் போடும் வசதி எல்லோரையும்விடக் குறைவு. தாய்ப்பால் இதை ஈடுகட்டாது. பாலில் இருக்கும் எதிர்ப்பொருள் முக்கியமாக வாயிலும் குடலிலும் காவல் நிற்பது. அதன் அருமை வேறு. முதலில் கேட்டவருக்கும் இதுவே பதில்.

மிகவும் முன்னதாகப் பிறந்தவர்களுக்கு முதல் தவணைக்குப் பின் மூச்சு விட்டு விட்டு வரக்கூடும் என்பதால் மருத்துவமனையில் இரண்டு மூன்று நாள் கண்காணிப்பார்கள். இரண்டு கிலோவுக்குக் கீழே பிறந்தால், பிறந்தவுடன் போட்ட ஹெபடைட்டிஸ் பி-யைக் கணக்கில் சேர்க்காமல் மேலும் மூன்று போடுவது வழக்கம்.

பிப்ரவரி 3

ரோட்டாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் அரைகுறை. தள்ளிப் போட்டால் கையை விட்டே போய்விடக்கூடியது அது ஒன்றுதான்.

1998-ல் அமெரிக்காவில் வந்த முதல் ரோட்டாத் தடுப்பு மருந்து குடல் செருகல் என்ற சிக்கலை அரிதாக உண்டாக்கியதால் அடுத்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைந்து சிக்கிக்கொள்வது அது. குழந்தை வளர வளர அது இயல்பாகவே வரும் வயதும் நெருங்கும். ஆகவே பின்னால் வந்த மருந்துகளை முதல் தவணை 15 வாரத்துக்குள், கடைசித் தவணை எட்டு மாதத்துக்குள் என்று பல நாடுகள் வரம்பு கட்டிக் கொடுக்கின்றன. வயிற்றுப்போக்கில் குழந்தைகள் அதிகம் இறக்கும் நாடுகளில் அந்த வரம்பே நிறையப் பேரைத் தவறவிடுகிறது என்று கண்டு, 2013-ல் உலகச் சுகாதார நிறுவனம் அதைத் தளர்த்தி, இரண்டு வயது வரை கொடுக்கலாம் என்றது. இருந்தாலும் உங்கள் நாட்டில் 15 வார வரம்பு இருந்தால், ஆறு மாதத்தில் போய் நிற்பவருக்கு 'இனி இல்லை' என்பார்கள்.

பிப்ரவரி 11

பத்தாவது வாரம், மூக்கு ஒழுகுகிறது, போகலாமா? போகலாம். சளி, லேசான காய்ச்சல், லேசான வயிற்றுப்போக்கு எதுவும் தடை இல்லை. குழந்தைகளின் மூக்கு காயும் நாளுக்காகக் காத்திருந்தால் அது பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிடும். உண்மையான தடைகள் மிகச் சில: அதே தடுப்பூசிக்கு முன்பு கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் அது மறுபடி கூடாது, பிறவியிலேயே எதிர்ப்பு மண்டலம் மிகவும் பழுதுபட்டிருந்தால் பிசிஜி, ரோட்டா போன்ற உயிருள்ள கிருமி மருந்துகள் கூடாது, முன்பு குடல் செருகல் வந்திருந்தால் ரோட்டா கூடாது. நல்ல காய்ச்சலோடு குழந்தை நிஜமாகவே முடியாமல் கிடந்தால் சில நாள் பொறுக்கலாம்.

தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம், எத்தனை மாதம் ஆகியிருந்தாலும்; ரோட்டாவுக்கு மட்டும் மேலே சொன்ன வயது வரம்பு உண்டு.

மார்ச் 8

14-வது வாரத்தில் போலியோவுக்குச் சொட்டும் கொடுத்து ஊசியும் போடுகிறார்களே, ஒன்று போதாதா என்றொரு கேள்வி. சொட்டு மருந்து குடலில் எதிர்ப்பை உண்டாக்கிப் பரவலைத் தடுக்கும். முன்பு அதில் மூன்று வகைக் கிருமிகளும் இருந்தன. இரண்டாம் வகை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2015-ல் அறிவித்தார்கள். ஆனால் சொட்டு மருந்தில் இருந்த வலுவிழந்த இரண்டாம் வகையே, தடுப்பூசி போடாதவர்கள் நிறைந்த இடங்களில் சுற்றிச் சுற்றி மறுபடி வீரியம் பெறும் ஆபத்து இருந்தது. எனவே 2016 ஏப்ரலில் உலகம் முழுவதும் அதைச் சொட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த இடைவெளியை நிரப்பத்தான் கொன்ற கிருமியால் ஆன ஊசி. சொட்டையே நிறுத்திவிட்டு ஊசியை மட்டும் பயன்படுத்தும் நாடுகளும் பல.

மார்ச் 15

தட்டம்மைக்கு மட்டும் ஏன் ஒன்பது மாதம் வரை காத்திருக்கிறோம்? இத்தனை நாள் சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டிவிட்டு இப்போது பொறு என்கிறீர்களே என்று ஒருவர் மடக்குகிறார். நியாயம்தான்.

தட்டம்மை ஊசியில் இருப்பது உயிருள்ள, வலுவிழந்த கிருமி. உள்ளே போய்ச் சற்றுப் பெருகினால்தான் உடம்பு கற்றுக்கொள்ளும். தாயின் எதிர்ப்பொருள் இருக்கும் வரை அது பெருகவிடாது. போட்ட ஊசி வீண். ஒன்பது மாதத்தில் போட்டால் சுமார் 85 விழுக்காடு பேருக்குப் பலிக்கும், ஒரு வயதில் சுமார் 95. பிறகு ஏன் எல்லோருமே ஒரு வயது வரை காத்திருப்பதில்லை? நோய் சுற்றும் இடத்தில் அந்த மூன்று மாதத்துக்குள் அது வந்துவிடும். தட்டம்மைக்காரர் ஒருவர், பாதுகாப்பில்லாத 12 முதல் 18 பேருக்குப் பரப்பக்கூடியவர். ஆகவே பரவல் அதிகமான நாடுகளில் ஒன்பதாம் மாதம், குறைவான நாடுகளில் ஒரு வயதை ஒட்டி. பலிக்காமல் போனவர்களையும் பிடிக்கத்தான் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் இரண்டாவது தவணை. ஜனவரி 12-ல் எழுதிய இழுபறியேதான் இங்கும்.

இதில் காய்ச்சல் மறுநாள் வராது. ஏழு முதல் பன்னிரண்டு நாள் கழித்து வரும், சிலருக்கு லேசான தடிப்போடு. அதற்குள் ஊசி போட்டதையே வீட்டில் எல்லோரும் மறந்திருப்பார்கள்.

ஆட்டிசம் பற்றியும் எழுதச் சொல்கிறார்கள். தட்டம்மைத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டு 1998-ல் வந்த கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010-ல் திரும்பப் பெற்றது, எழுதியவர்களில் முதன்மையானவர் மருத்துவப் பதிவையும் இழந்தார். பிறகு லட்சக்கணக்கான குழந்தைகளிடம் தேடியும் அப்படி ஒரு தொடர்பு கிடைக்கவில்லை. இதற்கு மேல் அதற்கு இடம் கொடுக்க விருப்பமில்லை.

மார்ச் 16

நேற்று எழுதியதோடு சேர்க்க வேண்டியது. தட்டம்மை பரவும் இடத்துக்குப் பயணம் போகிறீர்கள், அல்லது உங்கள் பகுதியிலேயே பரவுகிறது என்றால் ஆறு மாதத்திலேயே ஒரு தவணை போடுவார்கள். அது அன்றைய ஆபத்துக்கு மட்டும், வழக்கமான இரண்டில் ஒன்றாக எண்ணக்கூடாது. அட்டையில் தனி வரியில், 'கூடுதல்' என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒன்பதாம் மாதம் போகும்போது, ஏற்கெனவே போட்டாயிற்றே என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.